பாத்ரூம் இல்லாத ஸ்டேஷன்

"பாத்து வாங்கப்பா, கல்லு ஈரமா இருக்கு, வழுக்கும்," என்றாள் சுகந்தி. உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அந்தச் சொல்தானா இவள் வாயில் வரவேண்டும் என்று வடமலைக்குச் சுள்ளென்று ஏறியது. அறுபத்து மூன்று வயது, முழங்கால் தேய்மானம், தலையில் மகள் வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லா, காலில் மருமகனுடைய பெரிய பூட்ஸ். இருந்தாலும் வழுக்கி விழுகிற ஜாதி இல்லை அவர். மற்றவர்களை வழுக்கி விழ வைத்தவர். இருபத்திரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். வந்தவன், போனவன், பிடிபட்டவன், அடிபட்டவன் எல்லாரையும் ஜி.டி. புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதி வைக்கிற வேலை. கை உடைந்தால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். கால் உடைந்தாலும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். ஒரே நாளில் மூன்று பேர் ஒரே பாத்ரூமில் வழுக்கி விழுந்து மூன்று பேருக்கும் வலது கையிலேயே மாவுக்கட்டு போட்ட ஸ்டேஷன் உண்டு, அதை எழுதியவரும் அவர்தான். பேப்பரில் போட்டோ வரும். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டபடி மூன்று பேர். டீக்கடையில் ஜனங்கள் சிரிப்பார்கள், முதல்ல அந்த பாத்ரூமைக் கழுவி விடுங்கய்யா என்பார்கள், சிரித்து முடித்துச் சினிமாப் பக்கத்தைத் திருப்புவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவன் ஒரு நாளாவது போலீஸில் வேலை பார்த்திருக்க வேண்டும். சாப்பிடுகிறவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டால் நாலு பூசணிக்காயை மறைக்கலாம். "கையப் பிடிச்சுக்கட்டுமா?" என்றாள் மகள். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். இழுத்த வேகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அவள் ஒரு அடி தள்ளாடினாள். அந்தக் கை இப்படித்தான், கேட்காமல் வேலை செய்யும்.

ஜெர்மனியில் மகள் இருக்கிற நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் வந்து இறங்கிய ஊர் அது. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் பெயர் அவர் வாயில் நிற்கவில்லை. எழுநூறு வருஷத்து ஊராம். சுற்றி மதில், மதிலுக்குள் குறுகலான தெரு, தெருவின் இரண்டு பக்கமும் மரச்சட்டம் வெளியே தெரியக் கட்டிய வீடுகள். நெடுக்கே ஒரு உத்தரம், குறுக்கே ஒன்று, மூலைக்கு மூலை சாய்த்து ஒன்று, இடையில் வெள்ளைச் சுவர். மாடி கீழ்த்தளத்தைவிட வெளியே தள்ளிக்கொண்டு எதிர்வீட்டை முட்டுகிற மாதிரி நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூந்தொட்டி. சுகந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்று லீவு, அப்பாவுக்கு ஊர் சுற்றிக் காட்டவேண்டும் என்று பாவம் ஒரு வாரமாக ஆசைப்பட்டவள். "ஆணியே அடிக்காம கட்டினதுப்பா, மர முளைதான். சுவருக்குள்ள குச்சி பின்னி, மண்ணும் வைக்கோலும் குழைச்சு அப்பியிருக்காங்க." நம்ம ஊர் வரிச்சுச் சுவர், இதைப் பார்க்கவா டிக்கெட் போட்டு வந்தது என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. கண் உத்தரத்திலேயே இருந்தது. கருவேலோ, ஓக்கோ, எதுவோ, ஒரு முழ அகலம். நாலு ஆளைத் தாங்கும். அந்த நினைப்பு வந்ததும் பார்வையைத் திருப்பினார். திருப்பின பக்கமும் உத்தரம். அடுத்த வீட்டில் இன்னும் தடிமனாக. நம் ஊரில் வீட்டு எலும்பைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடுவார்கள், இந்த ஊர்க்காரன் வெளியே காட்டி, அதற்கு வருஷா வருஷம் கறுப்பு வர்ணமும் அடிக்கிறான். வேட்டாம்பாளையம் ஸ்டேஷன் பழைய அரிசி மில் கட்டடத்தில் இருந்தது, வாடகைக் கட்டடம், அதிலும் உத்தரம் வெளியேதான் தெரியும். நெல் மூட்டையைச் சங்கிலி போட்டுத் தூக்கிய உத்தரம். ஸ்டேஷனுக்குக் கட்டடம் விட்டபோது மில்காரர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கயிறு போதும் என்றார் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். சரிங்கய்யா என்று கடைத்தெருவுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தது யார்? அது எதற்கு இப்போது. பூந்தொட்டியைப் பார். சிவப்புப் பூ, பச்சை இலை, சிவப்புப் பூ. மாரப்பனின் வாயிலிருந்து வந்தது இந்தச் சிவப்பு இல்லை, அது கறுப்பாக, நுரையோடு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில். நாளைக் காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிக்க மனுக் கொடுக்கப் போகிறாள் மகள். அவருக்கு முழங்கால் மோசம், பயணம் செய்ய முடியாது என்று ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வடமலைக்குத் தெரிந்தது வேறு. அடுத்த மாதம் பதினோராம் தேதி மாரப்பன் கேஸில் அவர் கோர்ட்டில் நிற்கவேண்டும். பத்து வருஷம் செத்துக் கிடந்த கேஸ். டாக்டர் படித்தார், வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. படித்தார், மாஜிஸ்திரேட் படித்தார், 'கழிவறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு' என்று வடமலை முத்து முத்தாக எழுதியதை எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். போன வருஷம் மாரப்பனின் பெண்டாட்டி பாவாயிக்கு ஒரு வக்கீல் கிடைத்தாள். சின்னப் பெண். அவள் டாக்டர் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, சாட்சியைக் கேட்கவில்லை. வேட்டாம்பாளையம் ஸ்டேஷனின் வாடகைப் பத்திரத்தையும் கட்டடப் படத்தையும் கேட்டாள். அந்தக் கட்டடத்தில் பாத்ரூம் இல்லை. இருந்ததே இல்லை. போலீஸ்காரர்கள் மில்லுக்குப் பின்னால் வேலிக் காத்தான் புதருக்குள் போவார்கள், குளிப்பதென்றால் கிணற்றடி. பாத்ரூம் இருந்த நாலு ஸ்டேஷனில் எழுதி எழுதிப் பழகின கை, பாத்ரூம் இல்லாத ஸ்டேஷனிலும் அதையே எழுதிவிட்டது. யோசித்து எழுதியிருந்தால் கிணற்றடி என்று எழுதியிருப்பார், பாசி என்று எழுதியிருப்பார், எவளும் அசைத்திருக்க முடியாது. யானைக்கும் அடி சறுக்கும். யானை சறுக்கினால் பரவாயில்லை, அது எழுதி வைப்பதில்லை. தணிகாசலம் இப்போது டி.எஸ்.பி.யாகி ரிட்டயர் ஆகிவிட்டார். போன வாரம் போன் பண்ணினார். "ரைட்டரே, பொண்ணு வீட்ல சௌக்கியமா இருக்கீரு இல்ல, அப்படியே இரும். நீர் வாயத் தொறந்தா நானும் தொறப்பேன்." அந்த அறையில் அன்றைக்கு நாலு பேர். மாரப்பன் போய்விட்டான். கான்ஸ்டபிள் பழனிவேல் பைக்கில் போய் லாரியில் விட்டுச் செத்தான். மிச்சம் இரண்டு வாய்.

ஊரைச் சுற்றிக் காட்டுகிற அம்மாள் பெயர் பிரிகிட்டே. எழுபது இருக்கும், வெள்ளை முடி, சிவப்புக் கோட்டு, கையில் ஒரு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பத்துப் பேரை மேய்த்துக்கொண்டு போனாள். அவள் ஜெர்மனில் சொல்லச் சொல்லச் சுகந்தி காதோரம் தமிழில் சொன்னாள். வடமலை அம்மாளின் தோள்பட்டை எலும்பைப் பார்த்தார். மெல்லிசு. ஒரு தட்டுக்குத் தாங்காது. தையல்காரன் தெருவில் போகிறவனைப் பார்த்தாலும் நெஞ்சளவு எடுப்பான் அல்லவா, அப்படித்தான் இதுவும், பார்த்ததும் எங்கே அடித்தால் சத்தம் வெளியே வராது என்று கண் கணக்குப் போட்டுவிடும், அவர் கேட்கவா செய்கிறார். கேமரா மாட்டிய ஒல்லி ஆள், விலா. பக்கத்தில் அவன் பெண்டாட்டி, பாதம். கொழுத்த ஆள், அவனுக்குப் பாதமும் வேண்டாம், தூங்க விடாமல் இரண்டு நாள். சந்தைத் திடலில் கிணறு மாதிரி ஒரு தொட்டி. எடை குறைத்து ரொட்டி விற்றவனை இரும்புக் கூண்டில் போட்டு இதில் முக்கி எடுப்பார்கள், ஊரே நின்று பார்க்கும், என்றாள் சுகந்தி. இந்த இடத்தில் ஒருத்தியை எரித்தார்கள். மாட்டுக்குப் பால் வற்றியதற்கு அவள்தான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். இந்த வாசலில் வெட்டின தலையைக் கம்பியில் குத்தி வைப்பார்கள், காக்கை தின்று தீர்க்கிறவரைக்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு "கடவுளே" என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டாள் சுகந்தி. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள் பத்துப் பேரும். வடமலைக்கு இந்த ஊர் பிடித்துப்போகிற மாதிரி இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. இத்தனை அழகாகப் பூந்தொட்டி வைக்கிறவனும் செய்திருக்கிறான். அப்படியென்றால் எல்லாரும்தான். நான் மட்டுமா. அதை ஒரு தைலம் மாதிரி நெஞ்சில் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு பாவாயி வந்தாள். மார்ச்சுவரி வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, அழாமல், தன் கையால் தன் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள், ஒரே இடத்தில், தட், தட், தட். அப்போதும் இந்தப் பாழாய்ப்போன கண் கணக்குப் போட்டது. அந்த இடத்தில் அடித்தால் ஒன்றும் ஆகாது என்று.

மாரப்பன் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவன். மில்காரருடைய தண்ணீர் மோட்டார் காணோம். ஸ்டேஷன் இருப்பது மில்காரர் கட்டடத்தில், அதனால் தணிகாசலத்துக்கு ரோஷம் இரண்டு மடங்கு. மோட்டாரைப் பற்றித் தெரிந்தவன் யார், போர்வெல்காரன். அவ்வளவுதான் துப்பு. புதன்கிழமை கூட்டி வந்தார்கள். நான் எடுக்கலீங்க என்றான். வியாழக்கிழமையும் நான் எடுக்கலீங்க என்றான். எடுக்காதவன் வேறு என்ன சொல்வான் என்பது அந்த வேலையில் இருக்கிறபோது யாருக்கும் தோன்றாது. மறுக்க மறுக்கத் திருடன் கெட்டிக்காரன் என்றுதான் தோன்றும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பழனிவேல் கைகளைப் பின்னால் கட்டினான். கயிறு உத்தரத்துக்கு மேலே போய் இந்தப் பக்கம் வந்தது. இந்தப் பக்கம் இழுத்தார்கள். தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தார், பருவம் அப்போது, மில்காரர் ஒரு கூடை அனுப்பியிருந்தார். கால் தரையை விட்டது. அவன் அலறவில்லை, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து ஒரு சத்தம் போட்டான், மாடு கன்று போடுகிறபோது போடுமே. தோளில் ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. நெற்றி நரம்பு புடைத்து, கண் வெளியே வந்து, வடமலையையே பார்த்தது, மாம்பழக்காரரைப் பார்க்கவில்லை. அப்புறம். அப்புறம் என்கிற இடத்தில் அவருடைய நினைப்பு எப்போதும் மாட்டிக்கொள்ளும், ராட்டினத்தில் கயிறு மாட்டுகிற மாதிரி. மறுபடி முதலிலிருந்து வரும். புதன்கிழமை. வியாழக்கிழமை. மாம்பழம். கால் தரையை விட்டது. அப்புறம். "அப்பா, என்ன நின்னுட்டீங்க? கோபுரத்துக்குப் போறாங்க," என்றாள் சுகந்தி. மோட்டார் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லவேண்டும். மில்காரரின் மச்சான் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொண்டுபோய் டவுனில் கொடுத்திருந்தான், சொல்ல மறந்துவிட்டானாம். சனிக்கிழமை தானாகத் திரும்பி வந்தது.

மதில் மூலையில் இருந்த கோபுரம் ஒரு காலத்தில் ஊர்ச் சிறை. குறுகின படி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். மேலே வட்டமான அறை, வெளிச்சம் குறைவு, பழைய மரத்தின் மக்கல் வாசனை. வேட்டாம்பாளையத்தில் தவிட்டு வாசனை. அறைக்கு நடுவே உத்தரம், உத்தரத்தில் மரக் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் நுனியில் கைகளைப் பின்னால் கட்டி வைக்கோல் திணித்த ஒரு பொம்மை. அதற்குத் தொப்பி வேறு மாட்டியிருந்தார்கள். பிரிகிட்டே ஒரு காகிதத்தைப் பிரித்தாள். விசாரணை நடக்கிறபோது ஊர் எழுத்தர் ஒருவர் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதுவாராம், அந்த நோட்டு இன்னும் இருக்கிறதாம், அதிலிருந்து படிக்கிறாள் என்றாள் சுகந்தி. ஆடு மேய்க்கிறவன் ஒருவனைக் கோயில் வெள்ளிக் கிண்ணம் திருடினதாகப் பிடித்து வந்தார்கள். 'முதல் தூக்கு. இல்லை என்கிறான். இரண்டாம் தூக்கு. அம்மாவைக் கூப்பிடுகிறான். இறக்கினோம், தண்ணீர் கொடுத்தோம். மூன்றாம் தூக்கு, காலில் கல் கட்டி. என்ன சொல்லவேண்டும் என்று சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன் என்கிறான்.' வடமலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுதியிருக்கிறானே. பாவி, தூக்கு என்றே எழுதியிருக்கிறானே. அம்மாவைக் கூப்பிட்டான் என்பதைக்கூட விடாமல். அந்த எழுத்தன் முன்னால் உட்கார்ந்திருப்பது போல அவன்மேல் கோபம் வந்தது, காலரைப் பிடித்துச் சுவரில் மோதவேண்டும் போல, உனக்கு வேலை தெரியுமாடா, ரைட்டரா நீ. எழுதினவன் ராத்திரி வீட்டுக்குப் போய் ரொட்டி தின்று நன்றாகத் தூங்கியிருப்பான், அவனுக்கு அது தப்பே இல்லை, சட்டம். தப்பு என்று தெரிந்தவன்தான் பாத்ரூம் என்று எழுதுவான். இது ஏன் இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் இருந்தது, இல்லையென்றால் அந்த வரி எதற்கு.

பிரிகிட்டே கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பொம்மை எழும்பிற்று. இப்படி அரை மணி நேரம் தொங்கவிடுவார்கள், பிறகு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவார்கள் என்றாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. வடமலையின் வாய் தானாகத் திறந்தது. "அரை மணி நேரமெல்லாம் தாங்காது. பத்து நிமிஷத்துல தோள் கழண்டுரும், அப்புறம் கையெழுத்து எப்படிப் போடுவான்? கட்டியிருக்கறதும் தப்பு. மணிக்கட்டுல துணி சுத்திட்டுத்தான் கயிறு போடணும். வெறுங்கயிறுன்னா தடம் விழுந்துரும், டாக்டர் கண்டுபிடிச்சுருவாரு." சுகந்தி காலையிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரியிலும் தமிழ் ஆட்கள் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். காதில் விழுந்ததும் வாய் மாற்றிவிடும், அர்த்தம் பின்னால்தான் வந்து சேரும். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னாள். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள், தோளைத் தொட்டுக் காட்டினாள். பத்துப் பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிரிகிட்டே ஆச்சரியமாகத் தலையை ஆட்டி ஏதோ கேட்டாள். "அப்பா, நீங்க டாக்டரான்னு கேக்கறாங்க," என்று சுகந்தி சிரித்தபடி தமிழில் சொன்னாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றது. அர்த்தம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் பொம்மையைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு பிரிகிட்டே பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள், போலிட்சை என்று காதில் விழுந்தது, அது அவருக்கும் புரிந்தது. கேமரா மாட்டிய ஒல்லி ஆள் தன் பெண்டாட்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது பாம்புதான் வரும், பெற்ற மகள் வரமாட்டாள்.

இறங்குகிறபோது படியில் அவருக்கு முன்னால் பிரிகிட்டே, அவளுக்கு முன்னால் சுகந்தி. சிவப்புக் கோட்டு முதுகு ஒரு கை தூரத்தில் இருந்தது. தள்ளினால் எத்தனை படி உருளுவாள், பதினெட்டு, கீழே கல். வழுக்கி விழுந்தாள். இங்கே நிஜமாகவே வழுக்கும், யாரும் வாடகைப் பத்திரம் கேட்கமாட்டார்கள். இவள் வாயால்தானே வந்தது எல்லாம், அரை மணி நேரமாம், கிழவிக்கு என்ன தெரியும். கை சுவரை விட்டு ஒரு விரல் எழும்பியது. அவர் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்து, பைக்குள்ளேயே முஷ்டியாக முடக்கி, ஒற்றைக் கையால் சுவரைப் பிடித்து இறங்கினார். தணிகாசலத்தை நினைத்துக்கொண்டார். இந்த ஊர் உத்தரம் ஒவ்வொன்றிலும் ஒரு தணிகாசலம், தெரு நெடுக, மாம்பழச் சாறு வழிகிற வாயோடு. ஒவ்வொருவனையும் இழுத்து இழுத்து இறக்கினார். நன்றாக இருந்தது. ஏழாவது வீட்டில் தொங்கினவன் முகம் திரும்பினபோது அது தணிகாசலம் இல்லை, அன்றைக்கு அவரையே பார்த்த அந்தக் கண், அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வெளியே வெயில் வந்திருந்தது. சுகந்தி கூட்டத்தோடு போகவில்லை. மதிலோரம் ஆள் இல்லாத சந்துக்குள் வேகமாக நடந்தாள், அவர் நொண்டிக்கொண்டு பின்னால் போனார். ஒரு வீட்டுச் சுவரோரம் நின்றாள். ஏதாவது கேட்டால் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார். புத்தகத்தில் படித்தது, ட்ரெயினிங்கில் சொன்னது, எவனோ செய்ததைப் பார்த்தது. மூன்று பதில். இருபத்திரண்டு வருஷத்து அனுபவம்.

"மாரப்பன்தானே?" என்றாள். மூன்று பதிலில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. "யாரு சொன்னது உனக்கு?" "யாரும் சொல்லல. அப்போ காலேஜ்ல எல்லாரும் என்னைக் கேட்டாங்க, உங்க அப்பா ஸ்டேஷன்தானேன்னு. நான் உங்களக் கேட்டேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்மான்னு சொன்னீங்க." "ஆமா." "அதுக்கு முன்னாடி லீவுக்கு வந்தப்போ உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஒரு நாள் அங்க வந்தேன்ப்பா. எனக்கு அவசரம். பாத்ரூம் எங்கன்னு உங்களத்தான் கேட்டேன். இங்க கிடையாதுன்னு மில்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, வாசல்ல காவலுக்கு நின்னீங்க." வடமலைக்கு ஞாபகமே இல்லை. அப்படி ஒரு நாள் இருந்ததாகவே நினைவில்லை. பதினொரு வருஷம். வக்கீல் பெண் போன வருஷம் கண்டுபிடித்ததை இவள் அன்றைக்கே தெரிந்துகொண்டு, தெரிந்துகொண்டே கல்யாணத்தில் காலில் விழுந்தாள், தெரிந்துகொண்டே விமானத்துக்கு டிக்கெட் அனுப்பினாள், தெரிந்துகொண்டே கல்லு வழுக்கும் என்றாள். இல்லை, அது நிஜமாகவே வழுக்கும் என்றுதான் சொன்னாள். "நீங்க எழுத மட்டும் செஞ்சீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றாள். "எழுதச் சொன்னாங்க, எழுதினீங்க, உத்தியோகம். அத வச்சுக்கிட்டு இத்தன வருஷம் ஓட்டிட்டேன். இப்ப நான் என் வாயால என்ன சொன்னேன் அங்க? அந்த அம்மாகிட்ட நான் என்ன சொன்னேன்?" "சுகந்தி, ரோட்டுல நின்னு பேசற பேச்சா இது." "போய்ச் சொல்லுங்கப்பா. கோர்ட்ல போய்ச் சொல்லுங்க. பதினோராம் தேதின்னு பேப்பர்லயே போட்டிருக்கான்." அதுவும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் முழங்காலுக்குச் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறாள்.

அப்போதுதான் கை எழும்பியது. பையிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று அவருக்குத் தெரியாது, காதுக்கு மேலே போய் விரிந்து நின்றது. மகளை ஒரு நாளும் தொட்டதில்லை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்ன மனிதர். சுகந்தி பின்வாங்கவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கம்பியையும் மடித்து, கைப்பையில் போட்டு மூடினாள். பிறகு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவும் அப்படித்தான், நாலு வருஷம் முன்பு செத்தவள், புருஷன் கை எழும்பினதைப் பார்த்ததும் முதலில் அடுப்பை அணைப்பாள். சோறு தீய்ந்துவிடக் கூடாதே. பிறகு திரும்பி நிற்பாள். அதை இவள் எந்தக் கதவு இடுக்கிலிருந்து பார்த்தாளோ. வடமலையின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம், அது அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கையை இறக்கினார். இறக்குவது இத்தனை பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. "கயிறு என் கையிலதாம்மா இருந்தது," என்றார். "நான்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். போன் அடிச்சுது. ஸ்டேஷன் போனை ரைட்டர்தான் எடுக்கணும், மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுக்கலன்னா மெமோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் சப் டிவிஷன்லேர்ந்து கேப்பாங்க, இந்த வாரம் ஹெல்மெட் கேஸ் எத்தனன்னு. மேல தொங்கறான்னு தோணல. போன் அடிச்சுது, விட்டுட்டு எடுக்கப் போயிட்டேன். நாப்பத்திரெண்டுங்கய்யான்னு சொன்னேன். சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தேன்." அப்புறம் என்பதை அவர் முதல் தடவையாகத் தாண்டிவிட்டார். தாண்டினால் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, மில் தரை, கல் தரை, அதில் தலைகுப்புற ஒருவன், வாயிலிருந்து கறுப்பாக நுரை. "மூச்சு இருந்துச்சு. ஒரு மணி நேரம் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல. எங்க விழுந்தான்னு எழுதறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

ஜன்னலைத் திறந்து ஒரு பெண் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு சொட்டு வடமலையின் தோளில் விழுந்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். சுகந்தி கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் போய்விட்டபின் செய்யவேண்டியதை வரிசையாகச் செய்வாளே, அந்த முகம் வந்துவிட்டது. "நாளைக்கு ஆபீஸ் போக வேண்டாம். சர்டிபிகேட்டக் கிழிச்சுடறேன். சனிக்கிழமைக்கு டிக்கெட் இருக்கான்னு பாக்கறேன்," என்றாள். சரி என்று தலையாட்டினார். மரச்சட்டத்தில் கை வைத்து ஊன்றிக்கொண்டார். பயமாக இருந்தது. ஜெயில் இல்லை, தணிகாசலம் இல்லை, அந்தப் பெண் பாவாயி கோர்ட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்பதுதான். தனியாகப் போய் அந்தக் கூண்டில் ஏற முடியும் என்று தோன்றவில்லை. மகள் பக்கத்தில் இருந்தால், பின்னால் எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். "நீயும் வர்றியாம்மா?" என்று கேட்டார். அந்த மாதிரிக் குரலில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சுகந்தி போனில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பதினோராம் தேதி வாரம் பூரா டூட்டிப்பா," என்றாள். அந்த வாரம் முழுக்க லீவு எடுத்திருப்பதாக, மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போகப்போவதாகக் காலையில் ரயிலில் அவளேதான் சொல்லியிருந்தாள். வடமலை அதைச் சொல்லவில்லை. சரிம்மா என்றார். அவள் ஸ்டேஷனுக்கு வழி பார்த்து முன்னால் நடந்தாள், அவர் நாலு அடி பின்னால் நடந்தார்.